மாதவிடாய் தடம் மாறும் வயதில் காலண்டரில் குறிக்க வேண்டியவை

நாற்பதைத் தாண்டியபின் மாதவிடாய் முன்பின்னாக வரத் தொடங்கினால், முதல் வேலை ஒரு மாதக் காலண்டரை எடுத்து வைப்பதுதான். தினசரி காலண்டரில் குறிக்காதீர்கள். தாளைக் கிழிக்கும்போது கணக்கும் சேர்ந்து போய்விடும்.

தொடங்கிய நாளையும் நின்ற நாளையும் வட்டமிடுங்கள். அன்றைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போனதா என்பதைக் கட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள். குப்பென்று சூடேறி வியர்த்துக் கொட்டினால் ஒரு புள்ளி, தூக்கம் கெட்ட இரவுக்கு ஒரு கோடு. மூன்று மாதம் இப்படிக் குறித்தாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

21 நாளுக்குள் மறுபடி வருவது, 7 நாளுக்கு மேல் நீடிப்பது, இடையிலோ தாம்பத்திய உறவுக்குப் பிறகோ கறை படுவது: இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். மணிக்கொரு நாப்கின் நனைந்து, தொடர்ந்து இரண்டு மணி நேரம் அப்படியே போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பி ரத்தம் வற்றிப்போய் வருகிற பெண்கள் ஏராளம்.

தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் மாதவிடாய் நின்றதாகக் கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் ஸ்கேன் அவசியம். கர்ப்பப்பையின் உட்புறச் சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சிறிது சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். புற்றுநோயாக இருந்தாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் குணப்படுத்தலாம். கருத்தடையையும் உடனே விட்டுவிடக் கூடாது. 50 வயதுக்கு முன் நின்றால் இரண்டு வருடம், பிறகு நின்றால் ஒரு வருடம் தொடர வேண்டும்.

ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடினாலும் இதே வியர்வை, இதே படபடப்பு வரும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் காபி, டீ, அல்லது கூடவே போடும் கால்சியம் மாத்திரை ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பை எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள்.

அதிக ரத்தப்போக்குக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் கருவி (காயில்) ஆகியவை எனக்குச் சரிவருமா என்று கேளுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா என்று கேளுங்கள். மாதவிடாய் நிற்கும் முன்பே அவற்றையும் எடுத்தால் ஹார்மோன் ஒரேயடியாக நின்று, எலும்பு வேகமாகத் தேயும்.

மாதவிடாய் நின்றபின் தினமும் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 200 மில்லி பால் இரண்டு வேளை குடித்தால் ஏறக்குறைய 480. 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 180. மிச்சத்துக்குத் தயிர், எள், முருங்கைக்கீரை. அப்படியும் எட்டாவிட்டால் மட்டும் மாத்திரை.

சூடும் வியர்வையும் தூக்கத்தையே கெடுத்தால் ஹார்மோன் சிகிச்சை உண்டு. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குவது நல்லது. மார்பகப் புற்றுநோயோ, காலில் ரத்தக்கட்டியோ முன்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பொதுவாக அவர்களுக்கு இது கொடுப்பதில்லை. பிறப்புறுப்பு வறண்டு எரிச்சலோ வலியோ இருந்தால் அங்கேயே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.