பாஸ்கெட்பால் கோச் ஆகணும்னா முதல்ல வீடியோ ரூமுக்குள்ள போங்க

கோச் வேலைனாலே சைடுலைன்ல நின்னு கத்துறது, கடைசி 5 செகண்ட்ல போர்டுல நாலு கோடு போட்டு மேட்ச ஜெயிக்க வைக்கிறதுன்னுதான் நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. அதெல்லாம் சீசன்ல எப்பவாவது நடக்கும். மிச்ச நேரம் பூரா லேப்டாப் முன்னாடி உக்காந்து, அடுத்து வர்ற டீம் என்ன பண்றாங்கன்னு ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணி கண்ணு எரியுற வரைக்கும் பாக்கறதுதான் வேலை. இதுல ருசி இல்லைன்னா இந்த லைனே வேணாம், சீரியஸா சொல்றேன்.

முதல்ல எல்லாரும் கேக்கற கேள்வி, பெரிய பிளேயரா இருந்திருக்கணுமான்னு. இருந்தா கதவு சீக்கிரம் தொறக்கும், ஆனா அது ஒண்ணுதான் கதவுன்னு இல்ல. எரிக் ஸ்போல்ஸ்ட்ரா என்பிஏல (அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்) ஒரு மேட்ச் கூட ஆடாதவர், 1995ல மயாமி ஹீட் டீம்ல வீடியோ வேலைக்கு சேர்ந்தாரு, அங்கயே ஒவ்வொரு படியா ஏறி 2008ல ஹெட் கோச், அப்புறம் 2012லயும் 2013லயும் கப்பு. 2020ல லேக்கர்ஸுக்கு கப்பு வாங்கிக் குடுத்த ஃபிராங்க் வோகலும், 2021ல மில்வாக்கிக்கு வாங்கிக் குடுத்த மைக் புடன்ஹோல்சரும் இதே மாதிரி வீடியோ ரூம்ல இருந்து வந்தவங்கதான். இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல. யாரும் ஆசைப்படாத வேலைய எடுத்து ஒழுங்கா பண்ணா, ஹெட் கோச் "அந்த கிளிப் எங்க?"ன்னு தேடும்போது உங்க பேரு அவர் வாயில வரும், அவ்ளோதான் விஷயம்.

சரி, இப்ப வீட்டுல இருந்தே என்ன பண்ணலாம்னு பாப்போம். ஒரு டீம எடுத்துக்கோங்க, அவங்களோட அஞ்சு மேட்ச் பாருங்க, ஆனா பால பாக்காதீங்க. பிக் அண்ட் ரோல் மட்டும் பாருங்க, அதாவது பாலோட வர்றவனுக்காக அவன் டீம் ஆளு ஒருத்தன் டிஃபெண்டருக்கு குறுக்க வந்து நின்னு (இதுதான் ஸ்கிரீன்), அப்புறம் கூடைய பாத்து ஓடறது. ஸ்கிரீன் வந்த உடனே டிஃபென்ஸ் என்ன பண்ணுதுன்னு எழுதுங்க: உயரமானவன் பின்னாடியே நிக்கறானா (டிராப்), ஆள மாத்திக்கறாங்களா (ஸ்விட்ச்), கொஞ்சம் வெளிய வந்து பாலோட வர்றவன தடுத்துட்டு தன் ஆளுகிட்ட ஓடிடறானா (ஹெட்ஜ்), இல்ல ரெண்டு பேருமா சேர்ந்து அவன் மேல பாயறாங்களா (பிளிட்ஸ்). ஒரு மேட்சுக்கு இது டஜன் கணக்குல வரும், அதனால முதல் மேட்சுலயே தலை சுத்தும், மூணாவதுல ஒரு பேட்டர்ன் தெரிய ஆரம்பிக்கும், அஞ்சாவதுல அடுத்து என்ன பண்ணப் போறாங்கன்னு நீங்களே முன்னாடியே சொல்லுவீங்க. அந்த நிமிஷம்தான் நீங்க ரசிகரா இருந்து கோச்சா மாறுற நிமிஷம்.

அப்புறம் அதையெல்லாம் ஒரே ஒரு பக்கத்துல எழுதணும். ஒவ்வொரு பிளேயருக்கும் ஒரு வரி, "இடது பக்கம் டிரைவ் பண்ணா ஷூட் பண்ண மாட்டான், பாஸ்தான்", இந்த மாதிரி. இருபது பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதற ஆளுங்கள பாத்திருக்கேன் (நானும் ஒரு காலத்துல அப்படித்தான் எழுதுனேன், வெக்கமா இருக்கு), பிளேயர் அத தொடவே மாட்டான்.

கோச்சிங் லைசன்ஸ் பத்தி சுருக்கமா. நாட்டுக்கு நாடு ஃபெடரேஷன் ரூல் வேற வேற, உங்க நாட்டு ஃபெடரேஷன்ல கேட்டு முதல் லெவல முடிச்சுடுங்க. ஃபிபாவோட (உலக பாஸ்கெட்பால் அமைப்பு) சேர்ந்த உலக கோச்சுங்க சங்கம் கோச்சிங் பாடம் போட்டு வச்சிருக்காங்க, அதையும் படிங்க. பேப்பர் இருந்தா உள்ள விடுவாங்க, வேலை குடுக்க மாட்டாங்க.

வேலை வேணும்னா சின்ன இடத்துக்குப் போகத் தயாரா இருக்கணும். நிக் நர்ஸ் வருஷக்கணக்கா இங்கிலாந்து லீக்ல கோச்சா இருந்தாரு, அப்புறம் என்பிஏவுக்குக் கீழ இருக்கற டெவலப்மென்ட் லீக்ல ரெண்டு வேற வேற டீமோட கப்பு வாங்கினாரு, அதுக்கப்புறம்தான் டொராண்டோ, 2019ல என்பிஏ கப்பு. சின்ன டீம்ல ஹெட் கோச்சா இருக்கறதுல ஒரு லாபம் என்னன்னா, தப்பு பண்ணா உலகமே பாக்காது, டைம்அவுட்ட வீணாக்கி, தப்பான ஆள உள்ள அனுப்பி, எல்லாம் பண்ணிப் பாத்து கத்துக்கலாம்.

டைம்அவுட்னு சொன்னதும் ஞாபகம் வருது, இத தனியா பிராக்டிஸ் பண்ணுங்க. ஃபிபா ரூல்ல முதல் பாதிக்கு 2, ரெண்டாவது பாதிக்கு 3, அதுலயும் கடைசி 2 நிமிஷத்துல ரெண்டுக்கு மேல எடுக்க முடியாது, அதனால சேத்து வச்சா ஒண்ணு போயிடும். ஒரு டைம்அவுட் ஒரு நிமிஷம், பிளேயருங்க வந்து உக்காந்து தண்ணி குடிச்சு முடிக்கறதுக்குள்ள பாதி போயிடும், மிச்சத்துல ரெண்டு விஷயம்தான் சொல்ல முடியும். ஃபோன்ல 30 செகண்ட் டைமர் வச்சு போர்டுல வரைஞ்சுக்கிட்டே சத்தமா பேசிப் பாருங்க, எவ்ளோ உளறுறோம்னு அப்பதான் தெரியும். இன்னொண்ணு, குவார்ட்டர் முடிய 35 செகண்ட் சுமாருக்கு இருக்கும்போது பால் நம்மகிட்ட இருந்தா சீக்கிரம் ஷூட் பண்ணிடணும், எதிர் டீமுக்கு 24 செகண்ட் கிளாக்தான் (பால் கைக்கு வந்தா அதுக்குள்ள ஷூட் பண்ணியாகணும்), அவங்க முழுசா எடுத்தாலும் கடைசி பால் திரும்ப நமக்குத்தான் வரும். இந்தக் கணக்கெல்லாம் மேட்ச் நடுவுல யோசிக்க கூடாது, கை தன்னால பண்ணணும்.

கடைசியா, வேலைய விட்டு தூக்கறத பத்தி. தூக்குவாங்க. நல்லா பண்ணாலும் தூக்குவாங்க. டேவிட் பிளாட்ட 2016 ஜனவரில கிளீவ்லேண்ட் தூக்குனப்ப அவர் ரெக்கார்ட் 30 ஜெயிப்பு 11 தோல்வி, அதே சீசன்ல அவருக்கு அசிஸ்டன்டா இருந்த டைரன் லூ அந்த டீம வச்சு கப்பு வாங்கினாரு. டுவேன் கேசிய 2018 மே மாசம் டொராண்டோ அனுப்பிட்டாங்க, அடுத்த மாசம் அவருக்கே அந்த வருஷத்தோட சிறந்த கோச் விருது! அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது சம்பள நம்பர மட்டும் இல்ல, நடுவுல அனுப்பினா மிச்ச சம்பளம் முழுசா வருமா, எந்த தேதிக்குள்ள வரும்னு காண்ட்ராக்ட்ல எழுதியிருக்கான்னு பாருங்க. வெளிநாட்டு கிளப்னா, பிரச்சனை வந்தா ஃபிபா உருவாக்கின பாஸ்கெட்பால் ஆர்பிட்ரல் டிரிபியூனல்ல (கோர்ட்டுக்குப் போகாம இந்த மாதிரி தகராறுக்கு தீர்ப்பு சொல்ற இடம்) பேசிக்கலாம்னு ஒரு வரி காண்ட்ராக்ட்ல இருக்கணும், அந்த வரி இல்லைன்னா அங்க போய் நிக்க முடியாது, அந்த ஊர் கோர்ட்டுல அலைய வேண்டியதுதான். எனக்கு ஒரு தடவ மூணு மாச சம்பளம் இப்படித்தான் போச்சு, அந்த வரி இருக்கான்னு கேக்கணும்னே அப்ப எனக்குத் தெரியாது.