சீருடையும் சாஃப்ட்பால் கையுறையும்: ஒரு தாத்தாவின் வாழ்க்கையைத் தொகுக்கும் முறை

இருபது வயதில் ராணுவம், திரும்பி வந்ததும் ஆலை வேலை, கல்யாணம், பிள்ளைகள், கோடை முழுக்க வாரம் தவறாமல் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்றது, பந்து பெரியது). அமெரிக்கச் சிற்றூர்களில் இப்படி வாழ்ந்தவர்கள் நிறையப் பேர். சம்பந்தி வழியில் இப்படியொரு தாத்தா வாய்த்த தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது அங்கே உண்டு. அவர் கண்ணை மூடியதும், ‘நாட்டுக்கு உழைத்தார், குடும்பத்தை நேசித்தார், விளையாட்டை விரும்பினார்’ என்று மூன்று வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த மூன்று வரியும் ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும். அவர் யார் என்பதைச் சொல்லும் காகிதங்கள் வேறு இடத்தில், பெரும்பாலும் ஷூ டப்பாவில், கிடக்கின்றன.

முதலில் தேட வேண்டியது டிடி 214. படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் சான்று இது. 1950 முதல் இந்தப் பெயரில் வழங்குகிறார்கள். சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி நிலை, செய்த வேலை, வெளிநாட்டில் இருந்த காலம், பதக்கங்கள் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். வீட்டில் கிடைக்காவிட்டால் அவருடைய கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்தில் கேளுங்கள். ஊர் திரும்பியதும் பலர் அங்கே பதிவு செய்து வைத்தார்கள். அங்கும் இல்லையென்றால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 என்ற, படை ஆவணம் கோரும் படிவத்தை அனுப்ப வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். இறந்தவரின் ஆவணத்தை நெருங்கிய உறவினராகக் கேட்கும் உரிமை மறுமணம் செய்யாத துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்குத்தான். அந்தப் பட்டியலில் பேரன் பேத்தி இல்லை. ஆகவே அம்மாவோ மாமாவோ கையெழுத்திட்டு, தேதி போட்டு, இறப்புச் சான்றின் நகலையும் இணைக்க வேண்டும். அவர் படையிலிருந்து விலகி 62 ஆண்டு ஆகிவிட்டால் அது பொது ஆவணம். கட்டணம் கட்டி யாரும் நகல் பெறலாம்.

‘ஆவணம் இல்லை’ என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் பிடித்த தீயில் 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரி 1-க்கும் இடையில் விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. கடற்படை, மரீன் கோப்புகளுக்குச் சேதம் இல்லை. தீயில் போனவற்றுக்கு, கடைசிச் சம்பளச் சீட்டு போன்ற பிற பதிவுகளிலிருந்து சேவை விவரத்தை மீட்டுத் தருகிறார்கள். அதையும் கேட்டு எழுதுங்கள்.

சான்று கைக்கு வந்ததும் நிதானமாகப் படிக்க வேண்டும். அடிக்கடி நேரும் பிழை, வியட்நாம் போர்க்காலத்தில் படையில் இருந்தவரை வியட்நாமில் இருந்தவராக எழுதிவிடுவது. அதே ஆண்டுகளை ஜெர்மனியிலோ டெக்சாஸிலோ கழித்தவர்கள் ஏராளம். தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், 1961 ஜனவரி 1 முதல் 1974 ஆகஸ்ட் 14 வரை முழுநேரப் பணியில் இருந்த கிட்டத்தட்ட எல்லோருக்கும் கிடைத்தது. அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். வியட்நாம் சேவைப் பதக்கம் தனி. அதையும் வெளிநாட்டுச் சேவைக் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே தவறாக எழுதினால், அஞ்சலிக்கு வரும் பழைய படைத்தோழர்கள் முன்னால் குடும்பம் தலைகுனிய நேரும்.

சீருடைப் படமும் பேசும். தரைப்படைச் சீருடையின் இடது தோளில் தைத்த துணிச் சின்னம் அப்போது இருந்த படைப்பிரிவைக் காட்டும். வலது தோளில் உள்ள சின்னம் போர்க்களத்தில் இருந்த பிரிவைக் காட்டும். இடது கையின் கீழ்ப்பகுதியில் உள்ள சாய்ந்த கோடு ஒவ்வொன்றும் மூன்று ஆண்டுச் சேவை. வலது கையில் உள்ள சிறு படுக்கைக் கோடு ஒவ்வொன்றும் போர்ப் பகுதியில் ஆறு மாதம். படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டிருந்தால் இந்தக் கணக்கு முழுக்கப் புரண்டுவிடும், அதனால் மார்பில் உள்ள பெயர் நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி சாஃப்ட்பால். அவர் ஆடியது எந்த வகை என்று தெரியாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. ஃபாஸ்ட்பிட்சில் பந்து தாழ்வாக, வேகமாக வரும். களத்தில் 9 பேர். ஸ்லோபிட்சில் பந்து வளைந்து உயர்ந்து இறங்கும். பல விதிகளில் அந்த உயரம் தரையிலிருந்து 6 முதல் 12 அடி. களத்தில் 10 பேர். ஆலை அணி, தேவாலய அணி என்று ஆடியவர்களில் பெரும்பாலோர் ஸ்லோபிட்ச்காரர்கள். சிகாகோக்காரர் என்றால் 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தைக் கையுறை இல்லாமல் பிடித்திருக்கலாம். விரல்கள் கோணியிருந்ததா என்று பாட்டியிடம் கேளுங்கள்.

ஸ்கோர் புத்தகம் ஒன்று கிடைத்தால் அதுதான் புதையல். அதில் வீரர்களைப் பெயரால் குறிப்பதைவிட எண்ணால் குறிப்பதே வழக்கம்: 1 பிட்சர் (பந்தெறிபவர்), 2 கேட்சர் (மட்டைக்காரருக்குப் பின்னால் பிடிப்பவர்), 3, 4, 5 முறையே முதல், இரண்டாம், மூன்றாம் பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய முனை) நிற்பவர்கள், 6 ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையில் நிற்பவர்), 7, 8, 9 இடது, நடு, வலது வெளிக்களம். ஸ்லோபிட்சில் 10-ஆவது ஆள் பெரும்பாலும் நான்காம் வெளிக்களக்காரர். 6-4-3 என்றிருந்தால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போன இரட்டை அவுட். ஆங்கில எழுத்து ‘K’ ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று வாய்ப்பையும் தவறவிட்டு அவுட். அதைத் திருப்பிப் போட்டிருந்தால் கடைசிப் பந்துக்கு மட்டையை வீசாமலே அவுட்.

சராசரி போடுவதில் இரண்டு இடத்தில் தவறு வரும். ஒரு பருவத்தில் அவர் 70 முறை மட்டை பிடிக்க வந்தார், அதில் 6 வாக் (பிட்சர் தவறாக எறிந்ததால் அடிக்காமலே முதல் பேஸ்), 3 தியாக அடி (தான் அவுட்டாகி மற்றவரை முன்னேற்றுவது), 38 ஹிட் (அடித்துப் பேஸை எட்டியது) என்று வைத்துக்கொள்வோம். வாக்கையும் தியாக அடியையும் கழித்து 61-ஆல்தான் வகுக்க வேண்டும்: .623. 70-ஆல் வகுத்தால் .543 என்று அவருக்குக் குறைத்து எழுதிவிடுவோம். .623-ஐப் பார்த்துப் பேஸ்பால் வீரர்களை மிஞ்சினார் என்றும் எழுதாதீர்கள், ஸ்லோபிட்சில் .600 அபூர்வமல்ல. அவர் பிட்சர் என்றால் சாஃப்ட்பால் ஆட்டம் 7 இன்னிங்ஸ் (இரு அணியும் ஒருமுறை மட்டை பிடிக்கும் சுற்று) என்பதை மறக்க வேண்டாம். 30 இன்னிங்ஸில் அவர் கணக்கில் 20 ரன் என்றால் 20-ஐ 7-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்து, ஓர் ஆட்டத்துக்கு அவர் விட்டுக்கொடுத்த சராசரி ரன் 4.67. பேஸ்பால் பழக்கத்தில் 9-ஆல் பெருக்குபவர்கள் 6.00 என்று போட்டுவிடுகிறார்கள்.

தேதியில்லாத குழுப் படத்துக்குச் சட்டையில் உள்ள கடைப் பெயர் துப்புக் கொடுக்கும். அந்தக் கடை இருந்த ஆண்டுகளை ஊர் நூலகத்தின் பழைய முகவரிப் புத்தகங்களில் பார்க்கலாம். உள்ளூர் செய்தித்தாளின் மைக்ரோஃபில்மில் (பக்கங்களைச் சிறிதாக்கிய படச்சுருள்) கோடைக்கால ஆட்ட முடிவுகளும் அங்கேயே கிடைக்கும். மட்டையில் 2004 என்று முத்திரை இருந்தால் அது மட்டைத் தரவிதியின் ஆண்டு, வாங்கிய ஆண்டு அல்ல.

தாத்தா உயிரோடிருந்தால் இவ்வளவும் அவர் வாயாலேயே வரும். அமெரிக்க நாடாளுமன்றம் 2000-ஆம் ஆண்டு உருவாக்கிய, அதன் காங்கிரஸ் நூலகத்தில் நடக்கும் படைவீரர் வரலாற்றுத் திட்டம் இத்தகைய பதிவுகளைப் பாதுகாக்கிறது. வெட்டாத, குறைந்தது 30 நிமிடப் பதிவாக இருக்க வேண்டும். கையுறையை அவர் மடியில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். போரைப் பற்றி நேராகக் கேட்டால் பலர் வாயடைத்துப் போவார்கள். ‘முகாமில் பந்து ஆடினீர்களா? கூட யார் ஆடினார்கள்?’ என்று கேட்டால் அந்தப் பெயர்களின் வழியே அவரே உள்ளே போவார். இடையில் மௌனமானால் அடுத்த கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், காத்திருங்கள். யாரையாவது கொன்றீர்களா என்று மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள்.

எழுதும்போது மூன்று பத்தியாகப் பிரிக்காமல் ஆண்டுகளை ஒரே வரிசையில் போடுங்கள்: பிள்ளைகள் பிறந்த நாள், ஆலையில் ஷிப்ட் மாறியது, போட்டிகள். மகள் பிறந்த வாரத்து ஆட்டங்களில் மட்டும் அவர் பெயர் இல்லாதிருந்தால், அதை அப்படியே எழுதுங்கள்; ‘குடும்பத்தை நேசித்தார்’ என்ற வரி தேவைப்படாது.

பொருட்களுக்கு வருவோம். எந்தத் தாளையும் லேமினேட் செய்ய வேண்டாம், செலோடேப் ஒட்ட வேண்டாம். படங்களை 600 டிபிஐ துல்லியத்தில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். ஒட்டும் ஆல்பத்தில் சிக்கிய படத்தைப் பல்லிடுக்கு நூலை அடியில் மெல்ல இழுத்துப் பிரிக்கலாம். சீருடையை மடித்து வைக்கும் முன் பதக்கங்களைக் கழற்றுங்கள், துரு துணியில் ஏறும். தோல் கையுறையைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். உள்ளே ஒரு பந்தை வைத்து, பருத்தித் துணியால் சுற்றி, சூடேறாத அலமாரியில் வையுங்கள். எண்ணெய் பூசிப் புதுசாக்க வேண்டாம், அவர் கைபட்ட கறுப்பு அப்படியே இருக்கட்டும்.