பசை படுவது கையில், மரத்துப்போவது காலில்: ஷூ ஒட்டும் வேலையில் நரம்பைக் கவனிப்பது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ பாகங்களை ஒட்டும் வேலையில் இருந்தால், முதலில் பசையின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதன் 3-ஆம் பிரிவில் என்-ஹெக்ஸேன் (நரம்பைக் கெடுக்கும் ஒரு கரைப்பான்) என்ற பெயரோ அதன் வேதிப்பொருள் அடையாள எண்ணான 110-54-3-ஓ இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) கரைப்பானும் இருந்தால் ஆபத்து அதிகம். அது ஹெக்ஸேனின் நரம்பு நச்சைக் கூட்டிவிடும்.

மூச்சில் போகும் ஹெக்ஸேனைக் கல்லீரல் 2,5-ஹெக்ஸேன்டையோன் என்ற பொருளாக மாற்றுகிறது. இது நரம்பிழைக்குள் இருக்கும் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். நரம்பிழை அங்கங்கே வீங்கும். நீளமான இழைதான் முதலில் கெடும். அதனால்தான் கையில் பசை பட்டாலும் கால்விரல் நுனியில் மரப்பு தொடங்குகிறது. இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு காலில் மட்டும் என்றால் இடுப்பு, முதுகுப் பக்கம் காரணம் தேடுவதே நல்லது.

உடன் வேலை செய்பவரின் காலைச் சோதிக்க 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை (தட்டினால் அதிரும் இரு கிளை உலோகக் கருவி, டியூனிங் ஃபோர்க்) ஒன்று போதும். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கவையைத் தட்டி, அதன் அடியைக் கால் பெருவிரலில் நகத்துக்குச் சற்றுப் பின்னால் எலும்பின் மேல் வையுங்கள். அதிர்வு நின்றதும் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்ன நொடியே உங்கள் கட்டைவிரல் எலும்பில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு இன்னும் 10 நொடிக்கு மேல் அதிர்ந்தால் அவருக்கு உணர்வு குறைந்திருக்கிறது. வழக்கமாக நடக்கும் தவறு, "தெரியுதா?" என்று கேட்பது. கவை அழுத்துவதே தெரியும், ஆமாம் என்றுவிடுவார். நடுவில் ஒருமுறை தட்டாமலும் வைத்துப் பாருங்கள். பிறகு குதிகாலில் மட்டும் 10 எட்டு நடக்கச் சொல்லுங்கள். முன்பாதம் தரையில் விழுந்தால் பாதிப்பு தசை வரை போய்விட்டது.

அடுத்தது மருத்துவர். சர்க்கரை, பி12 வைட்டமின் இரண்டையும் பார்க்காமல் பசையின் மேல் பழி போட முடியாது. சிறுநீரில் 2,5-ஹெக்ஸேன்டையோன் பார்ப்பதென்றால் வாரக் கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் கொடுக்க வேண்டும். லீவு முடிந்து திங்கள் காலை கொடுத்தால் அளவு குறைந்தே காட்டும். அது உள்ளே போனதைத்தான் சொல்லும்; நரம்பு கெட்டதைச் சொல்வது நரம்புக் கடத்தல் சோதனை. ஏசி அறையில் கால் சில்லிட்டிருந்தால் நல்ல நரம்பும் மந்தமாகவே தெரியும், காலைச் சூடாக்கிய பிறகே எடுக்கச் சொல்லுங்கள்.

பசை மேசையை விட்டு வந்த பிறகும் சில மாதம் மரப்பு கூடிக்கொண்டே போகலாம். இந்த நோயின் போக்கே அப்படித்தான். "இடம் மாற்றியும் குறையவில்லையே, காரணம் பசை இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பித் திரும்பப் போய் உட்கார வேண்டாம்.