மதுரைக்கு வந்து பல்லுக்கு கேப் போடுபவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும்போது பல்லையும் சரிசெய்து கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், கல்யாணம், குலதெய்வக் கோயில், ஜவுளி எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில்தான் டாக்டரிடம் போகிறார்கள். தயவுசெய்து வந்திறங்கிய முதல் வாரத்திலேயே காட்டிவிடுங்கள்.

கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை, பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதில்லை. பல்லைச் சுற்றிலும் தேய்த்து, அளவெடுத்து, தற்காலிக கேப் மாட்டி அனுப்புவார்கள். லேபிலிருந்து நிரந்தர கேப் வரப் பொதுவாக 4 முதல் 7 நாள் ஆகும். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தேவைப்பட்டால் அதற்குத் தனியாக ஓரிரு தடவை போக வேண்டும். சித்திரைத் திருவிழா சமயத்தில் வருகிறீர்களா? அழகர் ஆற்றில் இறங்கும் நாளையொட்டி தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள், போய்ச் சேரவே முடியாது.

கேப் போடும் எல்லாப் பல்லுக்கும் வேர் சிகிச்சை தேவையில்லை. ஏன் தேவை என்று கேளுங்கள், எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள். சின்னச் சொத்தையை அடைத்தாலே போதும். ஆனால் வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லை கேப் இல்லாமல் விட்டுவிட்டு ஊர் திரும்பாதீர்கள், பின்னால் அது பிளந்துபோகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைவாய்க்கு சிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பொருளில் செய்த கேப் நன்றாக உழைக்கும். உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது விலை குறைவு. ஆனால் பீங்கான் சில்லு பெயரலாம், நாளடைவில் ஈறோரம் கருப்பாகத் தெரியலாம். முன்பல் என்றால் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தற்காலிக கேப் இருக்கும் நாட்களில் கடலை மிட்டாய், சீடை, நல்லி எலும்பு எதையும் அந்தப் பக்கம் கடிக்காதீர்கள். வேர் சிகிச்சை செய்யாத பல் என்றால் ஜிகர்தண்டா கூடச் சுரீரென்று கூசும். கேப் கழன்றுவிட்டால் பத்திரமாக எடுத்துக்கொண்டு டாக்டரிடமே போங்கள். கடையில் விற்கும் பசையை வைத்து ஒட்டவே கூடாது.

நிரந்தர கேப் ஒட்டியதும் விமானம் ஏறிவிடாதீர்கள். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால், கடிக்கும்போது கேப் உயரமாக இடிப்பது அப்போது தெரியாது. அப்புறம் சோறும் பரோட்டாவும் சாப்பிடும்போதுதான் தெரியும். தேய்த்துச் சரிசெய்வது பத்து நிமிட வேலை, ஆனால் அதற்கு நீங்கள் மதுரையில் இருக்க வேண்டுமே! குறைந்தது நான்கைந்து நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் எக்ஸ்ரே, எந்தப் பல், என்ன பொருள் என்ற குறிப்பு, பில், வாரன்ட்டி அட்டை எல்லாவற்றையும் வாங்கி போனிலும் படமெடுத்து வையுங்கள். நீங்கள் வசிக்கும் இடத்தில் பிறகு பார்க்கப்போகும் டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.