அதிமதுரமும் அட்ரினலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனக் கூட்டு மருந்துகள் பலவற்றில் அதிமதுரம் இருக்கும். அதனால்தானோ என்னவோ, சிறுநீரகத்தின் மேல் உள்ள ஹார்மோன் சுரப்பியான ‘அட்ரினலுக்கு வலு’ என்று தேடிவரும் புதியவர்கள் முதலில் இதைத்தான் பிடிக்கிறார்கள். பிடித்ததும் ஒரே மாதிரித் தவறுகள். போலி வேர், பூஞ்சை பிடித்த வேர் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

கார்டிசோல் ஏறினால் சுரப்பி தேறிவிட்டது என்று நினைப்பது

சில வாரம் கஷாயம் குடித்துவிட்டு உமிழ்நீரைப் பரிசோதிக்கிறார்கள். அட்ரினல் சுரக்கும் ஹார்மோனான கார்டிசோல் கூடியிருக்கிறது. உடனே மகிழ்ந்துபோய் வேரின் அளவையும் கூட்டுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

சிறுநீரகத்திலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் ஒரு நொதி உண்டு. கார்டிசோலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றுவது அதன் வேலை. அதிமதுரத்தின் கிளிசிரைசின் குடலில் கிளிசிரெட்டினிக் அமிலமாகி இந்த நொதியை அடைத்துவிடுகிறது. ஆக, உமிழ்நீரில் கூடியது சுரப்பி புதிதாகச் சுரந்ததல்ல, அழியாமல் தங்கிப்போன கார்டிசோல். அது சிறுநீரகத்தில், உப்பைத் தேக்கிவைக்கும் இன்னொரு அட்ரினல் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்யத் தொடங்கும். உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறும். உடல் இதை உணர்ந்து, ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கத் தூண்டும் ரெனினைக் குறைக்க, அட்ரினல் தன் ஆல்டோஸ்டிரோனையும் குறைத்துக்கொள்கிறது. வலுப்படுத்த நினைத்த சுரப்பிக்கு ஒரு வேலை குறைந்ததுதான் மிச்சம்.

இது புதுச் செய்தியும் அல்ல. 1940களில் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தபோதே சிலருக்கு உடல் வீங்கியது. 1950களில் அட்ரினல் பழுதான அடிசன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அட்ரினல் அறவே இல்லாதவர்களிடம் அது தனியாக எடுபடவில்லை. கார்டிசோனும் சேர்த்துக் கொடுத்த பிறகே பலன் தெரிந்தது. ‘அட்ரினலுக்கு வலு’ என்பதற்குச் சான்று என்று ஒன்று உண்டென்றால் இதுதான், அது சொல்வதோ நேர் எதிரான சேதி.

குடித்துக்கொண்டிருப்பவர் பார்க்க வேண்டியவை ரத்த அழுத்தமும் ரத்தப் பொட்டாசியமும். ஐயம் இருந்தால் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும். நிறுத்திய பிறகும் விளைவு இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ நீடிக்கலாம் என்பதால் மறுநாளே சோதித்துப் பயனில்லை.

‘அட்ரினல் களைப்பு’ என்ற பெயரை நம்புவது

2016இல் 58 ஆய்வுகளை அலசிய மதிப்பாய்வு, அட்ரினல் களைத்துப்போவதால் சோர்வு வரும் என்ற அப்படியொரு நோய்க்கு ஆதாரம் இல்லை என்றது. சோர்வுக்கு ரத்தசோகை, தைராய்டு, தூக்கம் என்று வேறு காரணங்களை முதலில் தேடுங்கள்.

எலி ஆய்வை மனிதனுக்குப் பொருத்துவது

வேண்டாம்.

வேரின் எடையை மட்டும் பார்ப்பது

சீன மருந்துநூல் சொல்லும் அளவு நாளுக்கு 2 முதல் 10 கிராம்; கிளிசிரைசிக் அமிலம் (அதாவது கிளிசிரைசின்) குறைந்தது 2 சதவீதம் இருக்க வேண்டும். 5 கிராம் வேரிலேயே 100 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. ஐரோப்பிய நிபுணர் குழு ஒரு நாளைக்கு வைத்த வரம்பும் அதுவே. கஷாயத்தில் முழுவதும் இறங்காது என்பது உண்மைதான். அதை நம்பி மாதக்கணக்கில் குடிக்க முடியாது.

கிளிசிரைசின் நீக்கிய மாத்திரையை அட்ரினலுக்கு வாங்குவது

நொதியை அடைக்கும் பொருளே அதில் இல்லை.

மற்ற மருந்துகளை மறப்பது

நீர் மாத்திரைகள் பலவும் பொட்டாசியத்தை இறக்குவதில் அதிமதுரத்தோடு கைகோக்கும். இதய மருந்தான டிகாக்சின் எடுப்பவருக்குப் பொட்டாசியம் இறங்கினால் இதயத்துடிப்பு தடம்புரளும். அடிசன் நோயாளி கார்டிசோலுக்கு மாற்றாக எடுக்கும் ஹைட்ரோகார்டிசோனை நிறுத்திவிட்டு இதை எடுத்தால் அட்ரினல் நெருக்கடியில் உயிரே போகலாம்.