கடலோர ஊரில் கேரம் போர்டு இழுக்கிறதா? ஸ்ட்ரைக்கரை மாற்றும் முன் இதைச் செய்யுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத இந்த 61 நாளில் பாம்பன், மண்டபம், தொண்டி என்று எந்த ஊர் மன்றத்தில் எட்டிப் பார்த்தாலும் கேரம் போர்டைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். "போர்டு இழுக்குதுப்பா" என்ற புலம்பலும் கூடவே கேட்கும். சுண்டினால் காய் குழிக்கு நாலு விரற்கடை முன்னால் நின்றுவிடும். உடனே ஒருவர் டப்பாவைக் கவிழ்த்து பவுடர் கொட்டுவார், இன்னொருவர் கனமான ஸ்ட்ரைக்கர் வாங்கக் கிளம்புவார். இரண்டுமே கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

எவ்வளவு இழுக்கிறது?

15 கிராம் ஸ்ட்ரைக்கரை எதிர்க் கட்டையில் படும்படி ஓங்கிச் சுண்டுங்கள். போய்த் திரும்புவதை ஒன்று என்று எண்ணுங்கள். மூன்றரை முறையாவது ஓட வேண்டும் என்பது போட்டி விதி. மன்றத்துப் போர்டில் இரண்டரை வந்தாலே நன்றாக ஆடலாம். இரண்டுகூட வரவில்லை என்றால் கீழே உள்ள வேலை எல்லாம் அவசியம்.

நான்கு பக்கமிருந்தும் ஒரே ஆள் சுண்டிப் பார்க்கட்டும். ஒரு திசையில் மட்டும் குறைந்தால் போர்டில் கோளாறு இல்லை, மட்டம் சரியில்லை. நடுவில் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். அது உருளும் பக்கத்துக் காலுக்கடியில் அட்டையை மடித்துச் சொருகினால் போதும்.

உண்மையான எதிரி உப்பு

ஆடுபவர்கள் தவறுவது இங்கேதான். கடற்காற்றில் வரும் உப்பு போர்டில் மெல்லப் படிகிறது. கை வியர்வையிலிருந்தும் உப்பு சேர்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கசியத் தொடங்கும். மதியம் ஓடின போர்டு விளக்கு வைக்கிற நேரத்தில் மக்கர் பண்ணுவது அதனால்தான். கசிந்த உப்பின் மேல் பவுடரைக் கொட்டினால் அது மாவுபோலக் குழைந்து, மறுநாள் வெயிலில் காய்ந்து பொருக்காகிவிடும். அதன் மேல் இன்னொரு கை பவுடர், இன்னொரு பொருக்கு.

பொருக்கைக் கண்டுபிடிக்க விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் போர்டோடு போர்டாகப் படுக்க வைத்து அடியுங்கள். சுத்தமான வார்னிஷ் ஒரே தகடாக மின்னும். பொருக்கு இருந்தால் சாம்பல் நிறத் திட்டுகள் ஓரம் தூக்கித் தெரியும். கை ஊன்றும் இடமான அடிக்கோடுகளைச் சுற்றித்தான் அதிகம் இருக்கும். விரல் நுனியால் தேய்த்தால் வழுக்காமல் பிடிக்கும். உப்புதானா என்று நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், பவுடரில் போரிக் ஆசிட் இருக்கும்.

எடுத்தவுடன் துணி போடாதீர்கள். கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) அடிக்கிற மாதங்களில் பொடிமணல் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். துணியால் அழுத்தித் தேய்த்தால் மணலே அரமாகி வார்னிஷைக் கீறிவிடும். போர்டைச் செங்குத்தாக நிறுத்திப் பின்னால் தட்டுங்கள். பிறகு இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ், புதுசாக, முடி மென்மையாக உள்ளதை வைத்துத் தள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். பலர் பயப்படுவார்கள். ஆனால் உப்பு தண்ணீருக்குத்தான் கரையும், உலர்ந்த துணிக்கு வராது. பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்கு முறுக்கிப் பிழிந்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே ஒரு தடவை இழுங்கள். துணியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை. குழியைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். அங்கே ப்ளைவுட்டின் வெட்டுமுகம் திறந்திருக்கும், ஈரம் ஏறினால் உப்பி எழும்பும். அடுத்த நிமிடமே உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் மின்விசிறிக்கு நேரே ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். வெயில் வேண்டாம், ஒரு முகம் மட்டும் சூடேறினால் பலகை வளையும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், தின்னர் வார்னிஷையே தின்றுவிடும்.

பவுடர்

முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடர் வேண்டவே வேண்டாம். மாவுப் பவுடர் கோடையில் பரவாயில்லை, மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கட்டிபடும். இந்தக் கடற்கரைக்குப் போரிக் பவுடர்தான் சரி. அதன் துகள்கள் அடுக்கடுக்கான தகடுகள்; ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவதால் ஈரக் காற்றிலும் கைவிடாது. குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி முடித்ததும் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

74 சென்டிமீட்டர் போர்டுக்கு அரைத் தேக்கரண்டி தாராளம். மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டி ஐந்தாறு இடத்தில் தட்டி, ஒரு காயை வைத்து வட்டம் வட்டமாகப் பரப்புங்கள். உள்ளங்கையால் பரப்பினால் வியர்வை உப்பு திரும்ப ஏறும். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம், பிரஷால் தள்ளிவிடுங்கள்.

இப்போது ஸ்ட்ரைக்கர்

விதிப்படி எடை 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 4.13 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குழியின் விட்டமே 4.45தான். அட்டையில் 15 என்று போட்டிருப்பதை நம்பாமல் நகைக்கடைத் தராசில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

கனம் கூடினால் ஸ்ட்ரைக்கர் அதிக தூரம் ஓடும் என்பது தவறு. ஒரே வேகத்தில் கிளம்பினால் 12 கிராமும் 15 கிராமும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். லாபம் மோதலில் இருக்கிறது: காய் 5 முதல் 5.5 கிராம்தான் என்பதால், நேராக மோதும்போது 15 கிராம் ஸ்ட்ரைக்கர் அதைச் சுமார் 13 சதவீதம் கூடுதல் தூரம் அனுப்பும். இழுக்கிற போர்டுக்கு 15 கிராமே என் தேர்வு. ஆனால் துடைப்பதில் கிடைக்கும் ஓட்டம் இதைவிடப் பெரிது.

அடிப்பக்கத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் கீறல். உப்புத்தாளில் தேய்க்காதீர்கள், இன்னும் மோசமாகும். வெள்ளைப் பற்பசையைப் பருத்தித் துணியில் வைத்து பத்து நிமிடம் வட்டமாகத் தேய்த்துக் கழுவினால் சின்னக் கீறல்கள் மழுங்கிவிடும். நகம் ஆழமாக மாட்டினால் புதுசு வாங்குங்கள்.

ஆட்டத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். காயின் விளிம்பில் அழுக்கு இருந்தால், கட் அடிக்கும்போது (காயை ஓரமாகத் தொட்டுத் திருப்பும்போது) ஸ்ட்ரைக்கர் காயைக் கொஞ்சம் தன்னோடு இழுத்துப் போகும். நினைத்த கோணம் விரியாது. விளிம்புகளைத் துடையுங்கள். துடைக்க நேரமில்லை என்றால் வழக்கத்தைவிட ஒரு நூல் மெல்லிசாகத் தொடுங்கள். டபுள் அடிப்பதை (காயைக் கட்டையில் மோதவிட்டுக் குழிக்கு அனுப்புவதை) ஒத்திப்போட்டு, நேர்க்காய்களை முதலில் முடியுங்கள்.

பிறகு சேர்த்தது

எல்லாம் செய்தும் இரவில் மட்டும் இழுக்கிறது என்று சிலர் கேட்டார்கள். மேலே தொங்கும் பல்பைப் பாருங்கள். முன்பு 60 வாட் அல்லது 100 வாட் குண்டு பல்பு தலைக்கு மேலே எரியும்போது அதன் சூடே போர்டை உலர்த்திக்கொண்டிருந்தது. எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் உண்டு, அந்தச் சூடு கிடையாது. ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு குண்டு பல்பைப் போர்டுக்கு ஒன்றரை அடி உயரத்தில் எரியவிட்டு, பிறகு பவுடர் தட்டுங்கள். மழைக்காலத்தில் மரக்காய்களையும் அதே வெளிச்சத்தின் கீழே பரப்பிவையுங்கள்.