வெற்றியைப் பாட நினைக்கிறவர்களுக்கு

கபடியில் கோப்பை வாங்கிய அணிக்கு, வேலை கிடைத்த நண்பனுக்கு, ஜெயித்த கவுன்சிலருக்கு என்று வாழ்த்துக் கவிதை கேட்டு நீடாமங்கலத்தில் என்னிடம் வருகிறவர்கள் உண்டு. எழுதித் தரமாட்டேன், எழுதச் சொல்லித் தருவேன். முதல் வேலையாக, அவர்கள் கொண்டுவரும் தாளில் இமயம், சிகரம், சூரியன், சரித்திரம் எல்லாவற்றையும் அடிக்கச் சொல்வேன். பெரும்பாலும் பெயர் மட்டும் மிஞ்சும். சரி, அங்கிருந்து தொடங்கலாம்.

புறநானூற்றின் 66ஆம் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள். எட்டே அடி. வெண்ணியில் கரிகாலன் வென்ற போரைப் பற்றி வெண்ணிக்குயத்தியார் பாடியது. எங்கள் பக்கத்துக் கோயில்வெண்ணிதான் அந்த வெண்ணி என்பார்கள். "வென்றோய், நின்னினும் நல்லன் அன்றே" என்று, வென்ற அரசனிடமே 'தோற்றவன் உன்னைவிட நல்லவன் அல்லவா' என்கிறார். இந்தத் துணிச்சலை மட்டும் ரசித்துவிட்டு நகராதீர்கள். அதற்கு முந்தைய நான்கு அடிகளைப் பாருங்கள். காற்றை ஏவல்கொண்டு கடலில் கலம் ஓட்டியவனின் வழிவந்தவனே என்கிறார். யானைகளைச் சொல்கிறார். படை நடத்திப் போய் வென்ற ஆற்றலைச் சொல்கிறார். வென்றவனுக்கு உரியதைக் குறைவில்லாமல் கொடுத்த பிறகுதான் தோற்றவன் பக்கம் திரும்புகிறார். நீங்களும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாராட்டில் கஞ்சத்தனம் காட்டினால், தோற்றவரைப் பற்றிய வரி வெறும் பொருமலாகத்தான் கேட்கும்.

தோற்ற சேர அரசனின் பெயர் அந்தப் பாட்டில் இல்லவே இல்லை. முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டான் என்ற செயல்தான் அவனுக்கு அடையாளம். ஆகவே எதிரணியில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல் வந்து கைகொடுத்தாரா? அது போதும், அடைமொழி எதுவும் வேண்டாம்.

வென்றவரைக் காட்ட 77ஆம் பாட்டுக்குப் போங்கள். இளம் வயதிலேயே போருக்குப் போன பாண்டிய அரசன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை இடைக்குன்றூர்கிழார் பாடியது. சிறுவன் என்ற சொல்லே வராது. குழந்தைக் கொலுசான கிண்கிணியைக் கழற்றிய காலில் வீரர் அணியும் கழல், சிறுபிள்ளைகள் கழுத்தில் அணியும், இன்னும் கழற்றாத தாலி, இன்றுதான் பால் விட்டுச் சோறு உண்டான் என்ற செய்தி. வயது தானே தெரிந்துவிடுகிறது! பகைவரைக் கண்டு வியக்கவும் இல்லை, இகழவும் இல்லை, கொன்றபின் மகிழவும் இல்லை என்று அடுக்கி முடிக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. வென்றவர் செய்யாதவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவற்றில் வலுவான ஒன்று கவிதைக்குள் போகட்டும்.

எழுதி முடித்ததும் தோற்ற அணியில் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கிற வரியைத் திருத்துங்கள். 'இப்படி நடக்கவில்லையே' என்றால், எப்படி நடந்தது என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள்.